மூன்றாவது சாட்டின் ஸ்கர்ட்

நேற்று மாலை, நானே தைத்த சாட்டின் ஸ்கர்ட்டை உடுத்திக்கொண்டு ஒரு முக்காலியின் மேல் நின்றேன். என் தங்கை அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து அடிவிளிம்பை எட்டு இடங்களில் அளந்தாள். மிக நீண்ட இடத்துக்கும் மிகக் குறுகிய இடத்துக்கும் இடையே 4 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. தைத்து முடித்துப் பதினோரு நாள் ஆன பிறகும், நான்கு முறை உடுத்திய பிறகும் கிடைத்த கணக்கு இது என்பதால், முயற்சி பலித்தது என்று இப்போது எழுதலாம். இது மூன்றாவது ஸ்கர்ட். முதலாவது உடலைச் சுற்றித் திரும்பிக்கொண்டது. இரண்டாவது ஒரே இரவில் இறுகிப்போனது.

எனக்குப் புதிய ஆடைத் தொகுப்புகளைப் பார்ப்பதில் தீராத ஆசை. அடுத்த ஆண்டின் வசந்த, கோடைக்கால ஆடைகள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேடையேறும்; அவை கடைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் பிடித்த ஆடைகளின் படங்களைச் சேர்த்துவைத்து, எந்தத் துணி, எந்த வெட்டு, தோள் எங்கே முடிகிறது என்று குறிப்பெழுதிக்கொண்டிருப்பேன். அப்படிக் காத்திருந்த ஆடைதான் ஆலிவ் பச்சை நிறத்தில் முழங்காலுக்குக் கீழே விழும் ஒரு சாட்டின் ஸ்கர்ட். தொகுப்பு கடைக்கு வந்த அறிமுக நாளன்று முதல் ஆளாகப் போயும் என் அளவு கிடைக்கவில்லை. அடுத்த பெரிய அளவை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போய், வழக்கம்போல் முதலில் உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்த்தேன். ஜிப் இல்லை, உடல் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டார்ட் இல்லை, இரண்டே துண்டுகள், மேலே ஓர் எலாஸ்டிக். அப்படியிருந்தும் அது சீட் பகுதியில், அதாவது இடுப்புக்குக் கீழே உடல் மிக அகன்ற இடத்தில், படிந்து, அதற்குக் கீழே நீர்போல் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நூல்கள் மேலிருந்து கீழாக ஓடாமல் சாய்வாக ஓடுவது தெரிந்தது. தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாட்ட வெட்டு. இதை நானே தைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது வந்ததுதான்.

என் அளவுகள்: இடுப்பு 74 செ.மீ., சீட் 98 செ.மீ. நான் விரும்பிய நீளம் 78 செ.மீ.

முதல் முயற்சிக்கு 140 செ.மீ. அகலமுள்ள பாலியெஸ்டர் சாட்டின் 1.8 மீட்டர் வாங்கினேன். நேர்வாட்டத்தில் வெட்டும் ஸ்கர்ட்டுக்கு அது தாராளம் என்பதை வைத்து வாங்கியது முதல் பிழை. வெட்டும் வடிவத்தை வரைந்த காகிதமான பேட்டர்னைச் சாய்த்து வைத்ததும் நான்கு மூலைகளிலும் துணி வீணாக, இரண்டு துண்டுகளும் உள்ளே அடங்கவில்லை. நீளத்தை 66 செ.மீ.க்குக் குறைத்தேன், அதுவும் போதாமல், ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றின் பக்கத்தில் நெருக்கி வைத்தேன். துணி மிச்சமானது என்று அப்போது மகிழ்ந்தேன். அந்த ஒரு செயலிலிருந்து இரண்டு கேடுகள் விளைந்தன. சாட்டினுக்குத் திசை உண்டு. தலைகீழாக வெட்டிய பின்துண்டு, முன்துண்டைவிட ஒரு சாயல் கருமையாகத் தெரிந்தது. இன்னொன்று அதைவிடப் பெரியது. அது உடுத்திய பிறகே தெரிந்தது.

மூலைவாட்டத்தைக் கண்டுபிடித்த விதமும் தவறு. கடையில் வெட்டிக்கொடுத்த முனையை அப்படியே எடுத்துக் கரையோடு, அதாவது துணியின் நெய்து முடிந்த நீள ஓரத்தோடு, சேர்த்து மடித்து, அந்த மடிப்பை 45 பாகை என்று நம்பினேன். பின்னர் துணியின் குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலை உருவிப் பார்த்தபோது, கடையின் வெட்டு 140 செ.மீ. அகலத்தில் 11 செ.மீ. சாய்ந்திருந்தது தெரிந்தது. மடிப்பு ஏறத்தாழ இரண்டு பாகை பிசகியிருந்தது.

எந்திரத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்த 90/14 எண் ஊசியையே விட்டுவிட்டேன். ஊசி இறங்கிய இடமெல்லாம் நூல் இழுபட்டுக் குறுக்கே மெல்லிய கோடு விழுந்தது. நேர்த்தையலை 3 மி.மீ. நீளத்தில் ஓட்டி, எலாஸ்டிக்கைக் கோத்து, ஆர்வம் தாங்காமல் அன்றிரவே அடிவிளிம்பையும் மடித்துத் தைத்து மாட்டிவைத்தேன். காலையில் முன்நடுவும் பின்நடுவும் தொங்கியிருந்தன. இரண்டு நாளில் பக்கத்தையலைவிட 3.5 செ.மீ. கீழே வந்துவிட்டன. உடுத்தி அறைக்குள் பத்தடி நடந்தேன். இடப்பக்கத் தையல் மெல்ல நகர்ந்து முழங்காலின் முன்னே வந்து நின்றது. கையால் திருப்பிவிட்டு மறுபடி நடந்தாலும் அதே திசையில் அதே அளவு திரும்பியது.

ஏன் என்று கண்டறிய, மிச்சத் துணியில் அரை அளவு ஸ்கர்ட் ஒன்று செய்தேன். இந்த யோசனை மாட்லேன் வியோனே என்ற பெரும் கலைஞரிடமிருந்து வந்தது. 1912-இல் பாரிஸில் தம் ஆடையகத்தைத் தொடங்கிய அவர், முழு உருவத்தின் மேல் வேலை செய்யாமல் சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றி வடிவமைத்தவர். மூலைவாட்ட வெட்டை ஒரு முழு ஆடையின் அடிப்படையாக்கிக் காட்டியவரும் அவர்தான். அவருடைய 1920, 1930களின் கவுன்களின் படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்த ஸ்கர்ட்டில் கைவைத்த பிறகுதான் அவற்றில் தையல்கள் எங்கே ஓடுகின்றன என்று தேடத் தொடங்கினேன். என்னிடம் பொம்மை இல்லாததால் ஒரு பெரிய தண்ணீர்க் குடுவையைத் துண்டால் சுற்றிப் பயன்படுத்தினேன். நீளமும் அகலமும் பாதியானால் துணி கால் பங்குதான் செலவாகும். அந்தச் சிக்கனம் மிகவும் உதவியது.

ஒவ்வொரு துண்டிலும், துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் போக்கில் பேனாவால் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, முதலில் நான் வெட்டியதைப் போலவே இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி இணைத்தேன். கோடுகள் குடுவையைச் சுற்றித் திருகாணியின் மரைபோல் ஒரே போக்கில் ஏறின. ஸ்கர்ட் திரும்பியதற்கு இதுவே காரணம்: ஒவ்வொரு பக்கத்தையலிலும் பாவுக்கு நெருங்கிய, அதிகம் இழுபடாத ஓரம், ஊடைக்கு நெருங்கிய, எளிதில் இழுபடும் ஓரத்தோடு இணைந்திருந்தது. பிறகு ஒரு துண்டை மட்டும் 90 பாகை திருப்பி எதிர்ச்சாய்வில் வெட்டி இணைத்ததும், பக்கத்தையலில் கோடுகள் அம்புமுனை போல் எதிரெதிரே வந்து சேர்ந்தன. குடுவையை எவ்வளவு ஆட்டியும் தையல் நகரவில்லை. 90 பாகை திருப்பும்போது இரண்டு துண்டுகளின் அடிப்பக்கமும் துணியின் ஒரே முனையை நோக்கி இருக்குமாறு வைத்தால் பளபளப்பும் ஒத்துப்போகிறது. ஒரே திருப்பத்தில் இரண்டு சிக்கல்களும் தீர்ந்ததைக் கண்ட அந்த நள்ளிரவின் மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அந்தச் சிறு ஸ்கர்ட் என்னை ஒரு விஷயத்தில் ஏமாற்றியது. அதை இரவு முழுவதும் தொங்கவிட்டபோது 4 மி.மீ. மட்டுமே நீண்டது. முழு அளவில் அதன் இரு மடங்கு, அதாவது 8 மி.மீ. நீளும் என்று கணக்குப் போட்டேன். துணியின் நீளம் இரு மடங்காகும்போது தொங்கும் எடையும் கூடுகிறது என்பதை நினைக்கவில்லை.

இரண்டாவது முயற்சி அந்தத் தவறான கணக்கின் மேல் எழுந்தது. இம்முறை பருவ முடிவுத் தள்ளுபடியில் எடுத்த, சற்றுக் கனமான சாட்டின் 2.2 மீட்டர். ஊடை நூலை உருவி நேர் பார்த்து, எதிரெதிர்ச் சாய்வில் வெட்டி, 70/10 எண் ஊசியால் தைத்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது, ஓரங்களைத் தவிர. சீட் பகுதியில் மொத்தச் சுற்றளவை 100 செ.மீ. என்று வைத்து, தையலுக்கு 1 செ.மீ. மட்டுமே விட்டிருந்தேன். மாட்டிவைத்த மறுநாள் அளந்தால் சீட் 97 செ.மீ. மூலைவாட்டத் துணி கீழே நீளும்போது அகலத்தில் சுருங்கும்; நீண்ட அளவை மட்டும் கணக்கில் எடுத்த நான் சுருங்கும் அளவை மறந்துவிட்டேன். உடுத்தியபோது வயிற்றுக்குக் குறுக்கே கிடைக்கோடுகளாகச் சுருக்கம் விழுந்தது. பிரித்து அகலப்படுத்த உள்ளே துணி இல்லை. சீட் அளவு 92 செ.மீ. கொண்ட என் தங்கைக்கு அது அளவெடுத்துத் தைத்ததைப் போல் பொருந்தியது. இப்போது அவள்தான் உடுத்துகிறாள், அவளுக்கு அழகாகவும் இருக்கிறது.

மூன்றாவது துணி விஸ்கோஸ் சாட்டின், 140 செ.மீ. அகலம், 2.4 மீட்டர். வாங்கியதும் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி நீரை எடுத்து, கிடையாக உலர்த்தினேன். விஸ்கோஸ் நனைந்திருக்கும்போது வலுவிழக்கும் என்பதால் இந்த அக்கறை. உலர்ந்த பின் நீளம் 2.32 மீட்டர். தைத்த பிறகு சுருங்கியிருந்தால் அந்தச் சுருக்கம் என் ஸ்கர்ட்டின் அளவைத்தான் குறைத்திருக்கும்.

அடுத்து, கத்தரிக்கோலை முழுத்துணியில் வைப்பதற்கு முன், வீணாகப்போகும் மூலை ஒன்றிலிருந்து மூலைவாட்டத்தில் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டையை வெட்டி, மேல்முனையைக் கிளிப்பில் மாட்டி, கீழ்முனையில் நான்கு இரும்பு வாஷர்களைக் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டேன். காலையில் நீளம் 53 செ.மீ., அகலம் 9.3 செ.மீ. இரண்டு ஸ்கர்ட்டுகளில் நான் கற்காததை இந்த ஒரு பட்டை கற்றுக்கொடுத்தது. அதைப் பார்த்தபின் சீட் சுற்றளவை 106 செ.மீ.க்கு உயர்த்தினேன், தையலுக்கு எல்லா ஓரத்திலும் 2.5 செ.மீ. விட்டேன். துண்டு ஒன்றுக்கு மேலகலம் 47, சீட்டில் 53, அடியில் 70 செ.மீ. முன்னும் பின்னும் ஒரே பேட்டர்ன்.

வெட்டுவது இந்த வேலையின் மிகக் கடினமான கட்டம் என்பதால் அதற்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்கினேன். மேசையின் மேல் முதலில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை விரித்து, அதன் மேல் துணியை மடிக்காமல் ஒற்றை அடுக்காக, நல்ல பக்கம் மேலே தெரிய வைத்து, பாவு நூலின் நேரையும் கரையின் நேரையும் 60 செ.மீ. உலோக அளவுகோலால் மூன்று இடங்களில் சரிபார்த்தேன். பாதிப் பேட்டர்னை மடிப்பில் வைத்து வெட்டும் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். வழுக்கும் துணியில் அடி அடுக்கு நகர்ந்தே தீரும். ஆகவே முழு வடிவப் பேட்டர்ன் வரைந்தேன். குண்டூசியைத் தையல் ஓரத்துக்குள் மட்டும், 0.5 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய ஊசிகளாகக் குத்தினேன். நடுப்பகுதியை அசையாமல் வைக்கத் துணியில் சுற்றிய வாஷர்களையே எடைகளாக அடுக்கினேன். டிஷ்யூவையும் துணியையும் சேர்த்து வெட்டியபோது ஓரம் ஒரு முறையும் நழுவவில்லை. சாய்வில் கிடந்த ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 104 செ.மீ. நீளத்தை எடுத்துக்கொண்டது, இரண்டுக்குமாக 2.1 மீட்டர்.

வெட்டிய துண்டுகளை உடனே தைக்கவில்லை. மேல் ஓரத்தில் 6 செ.மீ.க்கு ஒரு கிளிப் வைத்து ஒரு கம்பியில் இரண்டையும் தனித்தனியே 24 மணி நேரம் தொங்கவிட்டு, மீண்டும் பேட்டர்னின் மேல் படுக்கவைத்துப் பார்த்தேன். நடுவில் 1.6 செ.மீ. நீண்டிருந்தது, பக்கங்கள் உள்வாங்கியிருந்தன. தாராளமாக விட்டிருந்த 2.5 செ.மீ. ஓரம் இங்கே கைகொடுத்தது: தையல் கோட்டை மறுபடி வரைந்து, இரு துண்டுகளையும் ஒத்த அளவுக்குக் கொண்டுவந்தேன்.

தையலுக்கு 70/10 எண் மைக்ரோடெக்ஸ் எனும் கூர்முனை ஊசி. ஊசித்தண்டின் தடிமன் 0.7 மி.மீ. என்பதையே அந்த 70 குறிக்கிறது. முதலில் போட்ட 90 எண் ஊசியோடு ஒப்பிட்டால் 0.2 மி.மீ. வேறுபாடுதான், ஆனால் சாட்டினில் அது கண்ணுக்குத் தெரிகிறது. தையல் நீளம் 2.2 மி.மீ., ஜிக்ஜாக் அகலம் 0.5 மி.மீ. இந்தச் சிறு வளைவு கண்ணுக்கு நேர்த்தையலாகவே தோன்றினாலும், துணி நீளும்போது நூலும் சற்று நீள இடம் கொடுக்கிறது. நேர்த்தையல் அப்படிக் கொடுக்காததால்தான் முதல் ஸ்கர்ட்டின் பக்கங்கள் கொசுவியிருந்தன. துணியை அழுத்தும் பாதத்தின் அழுத்தத்தை இரண்டு படி தளர்த்தினேன். கையால் இழுக்காமலும் தள்ளாமலும் மேலிருந்து கீழாகவே இரு பக்கங்களையும் தைத்தேன். இஸ்திரியை உட்புறத்தில், குறைந்த சூட்டில், நகர்த்தாமல் எடுத்து எடுத்து வைத்தேன்.

எலாஸ்டிக் 2.5 செ.மீ. அகலம், நீளம் 69 செ.மீ., ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க மேலும் 2 செ.மீ. எலாஸ்டிக்கையும் இடுப்பு ஓரத்தையும் நான்கு சம பங்காகக் குறித்து, குறிகளை ஒன்றோடொன்று பொருத்தி, 3 மி.மீ. அகல ஜிக்ஜாக்கில் இணைத்து, உள்ளே மடித்து, பக்கத்தையல்களின் மேல் மட்டும் சில தையல்கள் போட்டு நிறுத்தினேன். இதில் எந்தத் தொல்லையும் இல்லை.

பிறகு மீண்டும் தொங்கல், இம்முறை 48 மணி நேரம். அதன் முடிவில் நான் உடுத்திக்கொண்டு நிற்க, தங்கை தரையிலிருந்து ஒரே உயரத்தில் 5 செ.மீ.க்கு ஒரு குண்டூசியாகச் சுற்றிலும் குத்திக்கொண்டு வந்தாள். “அக்கா, மூச்சு விட்டாலும் ஏறி இறங்குது, அசையாம நில்லு” என்று அவள் சொன்னபடி கால்மணி நேரம் நின்றேன். வெட்ட வேண்டிய மிகுதி முன்நடுவில் 2.8 செ.மீ., பக்கத்தில் கிட்டத்தட்ட எதுவுமில்லை. தட்டையாக விரித்தால் அந்த விளிம்பு அலைபோல் கோணலாகத் தெரிகிறது. உடலில் மட்டுமே நேராகிறது. கோணலாகத் தெரிந்ததைத் திருத்தாமல் விட எனக்குத் துணிவு தேவைப்பட்டது.

கடைசித் தடுமாற்றம் அடிவிளிம்பில். எந்திரத்தில் குறுமடிப்புப் போடத் தொடங்கி 60 செ.மீ. வரை போனபின் பார்த்தால், மடிப்பு கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. பிரிக்க ஒரு மணி நேரம். பிறகு அதை விட்டுவிட்டு, விரலால் சுருட்டிக் கையாலேயே 4 மி.மீ. ஹெம்மிங் செய்தேன். சுற்றளவு ஏறத்தாழ 140 செ.மீ.; மூன்றரை மணி நேரம் ஆனது. எந்திரத் தையலின் விறைப்பு இல்லாமல் விளிம்பு நடைக்கு ஏற்ப அசைவதைப் பார்த்தபோது, அறிமுக நாளன்று நான் கையில் பிடித்துப் பார்த்த அந்த ஸ்கர்ட்டின் எந்திர விளிம்பைவிட இது மேலானது என்று உறுதியாகத் தோன்றியது.

நேரக் கணக்கு: முதல் முயற்சி 5 மணி, அரை அளவு மாதிரி ஒன்றரை மணி, இரண்டாவது 6 மணி, மூன்றாவது தொங்கவிட்ட நேரம் நீங்கலாக 11 மணி. பணக் கணக்கில் மூன்று துணிகளும் ஊசி, நூல், எலாஸ்டிக்கும் சேர்ந்து கடையில் பார்த்த ஸ்கர்ட்டின் விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதில் பாதிக்கும் மேல் விஸ்கோஸ் சாட்டினுக்குப் போனது. மூன்றாவது ஸ்கர்ட்டை மட்டும் கணக்கிட்டால் செலவு பாதிக்கும் குறைவு.

அடுத்த முறை மாற்றப்போவது சில உண்டு. பட்டையைத் தொங்கவிட்டு அளப்பது, துணி வாங்கியவுடன் செய்யும் முதல் வேலையாகும். இடுப்பு ஓரத்தின் 94 செ.மீ. சுற்றளவு 69 செ.மீ. எலாஸ்டிக்கில் சுருங்கும்போது கொசுவம் சற்று மிகுதியாகத் தெரிகிறது; ஸ்கர்ட் சீட்டைத் தாண்டி ஏற வேண்டும் என்பதால் அதிகம் குறைக்க முடியாது, 90 செ.மீ. வைத்துப் பார்ப்பேன். அரை அளவு மாதிரியைப் பாவின் போக்கைப் பார்க்க மட்டுமே செய்வேன், நீளத்துக்கு நம்பமாட்டேன். துண்டுகளைத் தனியே தொங்கவிடும் நேரத்தையும் 48 மணியாக்குவேன். ஏனென்றால் முதல் நாளில் 1.6 செ.மீ. நீண்டது போக, தைத்த பிறகும் துணி நீண்டுகொண்டே இருந்தது.

இந்தப் பருவத்தில் நான் சேர்த்துவைத்த படங்களில், கழுத்து மடிந்து தளர்வாக விழும் மூலைவாட்ட மேலாடை ஒன்று இருக்கிறது. அதற்கான துணியிலிருந்து வெட்டிய 50 செ.மீ. பட்டை நேற்றிரவு முதல் கம்பியில் நான்கு வாஷர்களோடு தொங்குகிறது. இன்று காலை 52.4 செ.மீ. காட்டியது, நாளையும் அளப்பேன்.